யாருடைய வீடு? செமித்திய மொழிகளிலும் அவற்றின் உறவு மொழிகளிலும் உடைமைத் தொடரைப் பிரித்துப் படிக்கும் முறை

அப்துல்லா என்ற பெயர் தமிழ் படிக்கும் எவருக்கும் புதிதன்று. ‘அப்து’ என்றால் அடியவர். ‘அல்லாஹ்’ என்றால் இறைவன். இரண்டும் சேர்ந்து ‘இறைவனின் அடியவர்’ என்று பொருள்படும்போது, தமிழில் ‘இன்’ செய்கிற வேலையை அரபியில் எது செய்கிறது என்று தேடினால், பாதி விடை இறைவனைக் குறிக்கும் சொல்லிலும் மீதி விடை அடியவரைக் குறிக்கும் சொல்லிலும் கிடைக்கும். அந்த இரண்டாவது பாதிதான் நம்மைத் தடுமாற வைப்பது. உடையவரின் பெயரில் உருபை ஏற்றியே பழகிய நமக்கு, உடைமையின் பெயரும் உருமாறி நிற்கக்கூடும் என்பது எளிதில் தோன்றாது. ‘அப்துல்’ என்று மட்டும் ஒருவரை அழைப்பது அரபி அறிந்தவர் காதுக்குக் குறையாகப் படுவதும் இதனால்தான். அதன் ஈற்றிலுள்ள ‘ல்’ அடுத்த சொல்லின் முன்னொட்டாகிய ‘அல்’ என்பதன் துண்டு. ஆகவே அது பாதியில் முறிந்த தொடர்.

இக்கட்டுரை அரபி, எபிரேயம், அரமேயம், அக்காதியம், கீஸ், அம்ஹாரியம் ஆகிய செமித்திய மொழிகளிலும், அவற்றோடு சேர்ந்து ஆப்பிரிக்க-ஆசிய மொழிக் குடும்பமாக எண்ணப்படும் எகிப்தியம், பெர்பர், ஹௌஸா, சோமாலி, ஒரோமோ ஆகியவற்றிலும் உடைமைத் தொடரைக் கண்டால் அதை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதைச் சொல்கிறது. பொருள் உடையவரை ‘உடையவர்’ என்றும், உடைமையாகும் பொருளை ‘உடைமை’ என்றும் குறிப்பிடுகிறேன். அயல்மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருவதால் வல்லின ஒலிகளின் நுண்வேறுபாடுகள் தெரியமாட்டா. குறில் நெடில்களை மட்டும் கவனமாகப் பாருங்கள், ஏனெனில் இலக்கணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த மொழியின் தொடராயினும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முன்னால் நிற்பது உடைமையா, உடையவரா? உறவைக் காட்டும் குறி எதன்மேல் இருக்கிறது: உடைமையின் மேலா, உடையவரின் மேலா, இரண்டுக்கும் நடுவே தனிச்சொல்லாகவா? தொடர் முழுவதும் ‘அந்த இன்ன பொருள்’ என்று குறித்த ஒன்றைச் சொல்கிறதா, ‘ஏதோ ஒன்று’ என்று பொதுவாகச் சொல்கிறதா?

தமிழ்த் தொடரைக் கொண்டு இக்கேள்விகளைப் பழகிக்கொள்ளலாம். ‘ஆசிரியர் வீட்டுக் கதவு’ என்னும்போது உடையவர் முன்னால் நிற்கிறார். ‘வீடு’ என்பது ‘வீட்டு’ என்று திரிவது கதவை உடையதாக அது நிற்பதால். அதாவது, உருபு மறைந்தாலும் திரிபு உடையவர் பக்கத்தில்தான் நிகழ்கிறது. கதவுக்கு எதுவும் நேரவில்லை. பழைய செமித்திய மொழிகள் இதை ஏறக்குறையக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போடுகின்றன: உடைமை முன்னால் வரும், வடிவம் குறைவதும் அதுதான். மொழியியலார் இந்தக் குறைந்த வடிவத்தை இணைப்பு நிலை என்பர். அரபி இலக்கணத்தில் முழுத்தொடருக்கு இளாஃபத் என்றும், உடைமைக்கு முளாஃப் என்றும், உடையவருக்கு முளாஃப் இலைஹி என்றும் பெயர். மூன்றாவது கேள்வி தமிழருக்குப் பழக்கமற்றது. பெயருக்குமுன் எப்போதும் வரவேண்டிய சுட்டு நம்மிடம் இல்லை. ஆனால் அரபியிலும் எபிரேயத்திலும் அதைக் கேட்காமல் ஒரு தொடரையும் சரியாக முடிக்க முடியாது.

அரபியில் நிதானமாகத் தொடங்குங்கள்

எழுத்து அரபியில் வேற்றுமை ஈறுகள் இன்றும் முழுமையாக இருப்பதால் தொடரின் எலும்புக்கூடு வெளிப்படையாகத் தெரியும். எனவே இம்மொழியில் கூடுதல் நேரம் செலவிடுவது பின்னர் மற்ற எல்லா மொழிகளிலும் பயன்படும். ‘பைத்துன்’ என்பது ஒரு வீடு. ‘ரஜுலுன்’ ஒரு மனிதர். ஈற்றிலுள்ள னகர ஒலி தன்வீன் எனப்படும். பெரும்பாலான பெயர்களில் அது பொருள் குறிக்கப்படாதது என்பதைக் காட்டும். ‘பைத்து ரஜுலின்’ என்றால் ஒரு மனிதரின் வீடு. முதற்சொல் தன்வீனை இழந்தது. இரண்டாம் சொல் இகர ஈற்றை, அதாவது மஜ்ரூர் எனப்படும் நிலையைப் பெற்றுத் தன் தன்வீனையும் வைத்துக்கொண்டது. ‘ரஜுலின்’ என்பதிலுள்ள ‘இன்’ நம் ஆறாம் வேற்றுமைச் சாயலோடு ஒத்திருப்பது வெறும் தற்செயல். இகரம் வேற்றுமைக்கும் னகரம் பொதுமைக்கும் உரியவை. ஆயினும் நினைவில் வைக்க இதைவிட நல்ல துணை கிடைக்காது என்பதால், தற்செயல் என்று அறிந்துகொண்டே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்போது குறித்த மனிதரின் குறித்த வீடு: ‘பைத்துர் ரஜுலி’. ‘அல்’ என்னும் சுட்டு இரண்டாம் சொல்லில் மட்டுமே வந்து, அதன் லகரம் ரகரத்தோடு ஒன்றிவிட்டது. முதற்சொல்லுக்கு ‘அல்’ வராது. வந்தால் தொடர் கெடும். ஆனாலும் வீடு குறித்த வீடாகவே பொருள்படும், ஏனெனில் தொடரின் குறிப்பு கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லுக்குப் பாய்கிறது. தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை இரண்டிலும் ‘அல்’ சேர்ப்பதுதான். மனிதர் குறித்தவர், வீடு மட்டும் பொதுவான ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் இளாஃபத்தை விட்டுவிட்டு ‘பைத்துன் லிர் ரஜுலி’ என்று ‘லி’ என்னும் இடைச்சொல் போட்டுப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முளாஃப் இழப்பது தன்வீனை மட்டுமன்று. ‘முதர்ரிசூன’ என்ற ஆசிரியர்கள், பள்ளியைச் சேர்ந்தவர்களாகும்போது ஈற்று ‘ன’வை இழந்து ‘முதர்ரிசூ’ என்று நிற்பர். ‘கிதாபானி’ என்ற இரு நூல்கள் ‘கிதாபா’ ஆகும். இழப்புக்கு மாறாக ஒரு வரவும் உண்டு: தனியே நிற்கையில் ‘மத்ரஸா’ என்று ஆகாரத்தில் முடியும் பெண்பாற் சொல், முளாஃப் ஆனவுடன் மறைந்திருந்த தகரத்தை வெளிக்காட்டி ‘மத்ரஸத்து’ என்றாகும். பேச்சு வழக்குகளில் வேற்றுமை ஈறுகள் உதிர்ந்த பின்னும் இந்தத் தகரம் உதிரவில்லை; காதால் கேட்டு இளாஃபத்தை அடையாளம் காண்பதற்கு இதுவே முதல் அடையாளம்.

முதற்சொல்லின் உயிர் ஈறு உடைமை உறவைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். அது எழுவாயானால் உகரம், செயப்படுபொருளானால் அகரம், முன்னிடைச்சொல்லை அடுத்து வந்தால் இகரம். ‘அபூ’ என்பது போன்ற சில சொற்களில் இம்மாற்றம் நெடிலாகவே கேட்கும். அபூதாலிபின் மகனை ‘அலீ இப்னு அபீ தாலிப்’ என்று சொல்வதன் காரணம் இதுதான்: ‘இப்னு’ என்பதற்கு உடையவராக நிற்பதால் ‘அபூ’ என்பது ‘அபீ’ ஆகிவிட்டது, அதேவேளை ‘தாலிப்’ என்பதற்கு அதுவே முளாஃபாகவும் இருக்கிறது. நடுவில் நிற்கும் சொல் இப்படி இரு வேலைகளையும் பார்க்கும். ‘பாபு பைத்தில் முதர்ரிசி’ என்ற தொடரில் ‘பைத்தி’ கதவுக்கு உடையதாகையால் இகரம் பெற்றது, ஆசிரியருக்கு உடைமையாகையால் ‘அல்’லும் தன்வீனும் இழந்தது. இதைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்: ஆசிரியர், வீட்டு, கதவு. தமிழ்த் தொடர் தானாக வந்து நிற்கும். எவ்வளவு நீண்ட சங்கிலியானாலும் இந்த வழி கைகொடுக்கும்.

பெயரடைதான் உண்மையான சிக்கல். முளாஃபுக்கும் முளாஃப் இலைஹிக்கும் இடையே பெயரடையை நுழைக்க முடியாது. அது தொடருக்குப் பின்னால்தான் வரும். அப்படியானால் பெரியது வீடா, மனிதரா? ‘பைத்துர் ரஜுலில் கபீரு’ என்றால் உகரம் வீட்டோடு ஒத்துப்போவதால் மனிதரின் பெரிய வீடு; ‘பைத்துர் ரஜுலில் கபீரி’ என்றால் இகரம் மனிதரோடு ஒத்துப்போவதால் பெரிய மனிதரின் வீடு. உயிர்க்குறி இடாத அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உடையவர் ‘நான், நீ, அவர்’ என்று மாற்றுப்பெயராக இருந்தால் அது உடைமையின் ஈற்றில் ஒட்டிவிடும்: பைத்தீ என் வீடு, பைத்துக உன் வீடு (ஆண்பால்), பைத்துகி உன் வீடு (பெண்பால்), பைத்துஹு அவன் வீடு, பைத்துஹா அவள் வீடு, பைத்துனா நம் வீடு. இந்த ஒட்டும் முளாஃப் இலைஹியே. ஆகவே இதற்குமுன் ‘அல்’லும் வராது, தன்வீனும் வராது.

ஈறுகள் உதிர்ந்த மொழியில் எதைப் பார்ப்பது

எபிரேயம் வேற்றுமை ஈறுகளைப் பழங்காலத்திலேயே இழந்துவிட்டது. அங்கே குறி சொல்லின் உடலிலேயே இருக்கிறது. தொடரின் முதற்சொல் தன் ஒலியழுத்தத்தை அடுத்த சொல்லிடம் ஒப்படைத்துவிடுவதால் அதன் உயிர்கள் சுருங்குகின்றன: ‘பாயித்’ என்ற வீடு ‘பேத்’ ஆகும்; ‘சொல்’ என்று பொருள்படும் ‘தாவார்’, ‘த்வர்’ ஆகும். பெண்பால் ‘மல்கா’ (அரசி) அரபியைப் போலவே தகரம் பெற்று ‘மல்கத்’ ஆகும். பன்மை ‘ஈம்’ ஈறு ‘ஏ’ ஆகும். ஆகவே எபிரேயத்தில் ஒரு பெயரைக் கற்கும்போது தனி வடிவத்தோடு இணைப்பு வடிவத்தையும் சேர்த்தே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னால் தேடித் திருத்துவது இருமடங்கு வேலை.

பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரில் இந்தப் ‘பேத்’ இருக்கிறது: எபிரேயத்தில் அது அப்பத்தின் வீடு. அரபியில் ‘லஹ்ம்’ என்பது இறைச்சியைக் குறிப்பதால் அதே ஊர்ப்பெயர் அங்கே இறைச்சி வீடு என்று ஒலிக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ‘பேத் ஸேஃபெர்’, அதாவது நூலின் வீடு. அந்தப் பள்ளி என்று குறிக்க வேண்டுமானால் ‘ஹ’ என்னும் சுட்டு, அரபியின் ‘அல்’லைப் போலவே இரண்டாம் சொல்லில் ஏறி ‘பேத் ஹஸேஃபெர்’ ஆகும். பன்மையோ முதற்சொல்லில் ஏறி ‘பாத்தே ஸேஃபெர்’ ஆகும். அன்றாடப் பேச்சில் ‘ஹபேத் ஸேஃபெர்’ என்று சுட்டை முன்னால் வைப்பவர்களையும் கேட்கலாம். ஒரே பொருளாக உறைந்துவிட்ட தொடரைத் தனிச்சொல்லாகக் கருதத் தொடங்கியதன் விளைவு அது.

ஒட்டுப்பெயர் எபிரேயத் தொடரின் கடைசிச் சொல்லில் சேரும், பொருளோ முழுத்தொடருக்கும் பரவும். தமிழ் வேதாகமத்தில் ‘என் பரிசுத்த பர்வதம்’ என்று வரும் இடத்தின் மூலம் ‘ஹர் கோட்ஷீ’; சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘என் பரிசுத்தத்தின் மலை’. ‘என்’ என்பது மலைக்கு உரியது என்று மொழிபெயர்த்தவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

அக்காதியத்தில் இழப்பு இன்னும் வெட்டவெளிச்சமானது. அம்மொழியில் பெயர்கள் ‘உம்’ என்ற ஈறு கொண்டு நிற்கும்: ‘ஈனும்’ கண், ‘மாரும்’ மகன், ‘அவீலும்’ சுதந்திர மனிதன். 1901-02 ஆண்டுகளில் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹம்முராபியின் கல்தூணில் கண்ணுக்குக் கண் என்னும் சட்டம் இப்படித் தொடங்குகிறது: ‘ஷும்ம அவீலும் ஈன் மார் அவீலிம் உஹ்தப்பித், ஈன்ஷு உஹப்பதூ’. நடுவிலுள்ள ‘ஈன் மார் அவீலிம்’ என்பதைப் பின்னிருந்து படியுங்கள்: அவீலின், மகனின், கண். முன்னிரண்டு சொற்களும் ஈற்றை உதிர்த்துவிட்டன, கடைசிச் சொல் மட்டும் ‘இம்’ என்ற உடையவர் ஈற்றோடு முழுமையாக நிற்கிறது. ‘ஈன்ஷு’ என்பதில் ‘ஷு’ அவன் என்னும் ஒட்டு: அவன் கண்ணைக் கெடுப்பார்கள். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் வெட்டப்பட்ட ஒரே வரியில், பெயரோடு பெயர் சேர்வதும் பெயரோடு ஒட்டு சேர்வதும் அடுத்தடுத்துக் கிடைப்பதால் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் கண்டதில்லை. ஈறு உதிர்ந்ததும் மெய்கள் நெருங்கி நின்றால் உயிர் ஒன்று நுழையும், ‘கல்பும்’ என்ற நாய் ‘கலப்’ ஆவதுபோல. மெய்கள் மோதினால் ஒன்றில் ஒன்று கரையும், ‘பீத்’ என்ற வீடும் ‘ஷு’வும் சேர்ந்து ‘பீஸ்ஸு’ ஆவதுபோல. நம் புணர்ச்சி விதிகளில் பழகியவர்களுக்கு இது அச்சம் தராது.

எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸ் மட்டும் இந்த வரிசையில் மாறுபடுகிறது. அங்கே உடைமை எதையும் இழப்பதில்லை. அகர ஈறு ஒன்றைப் பெறுகிறது. ‘நெகுஸ்’ என்றால் அரசன். எத்தியோப்பியப் பேரரசர்களின் பட்டமாகிய ‘நெகுஸ நகஸ்த்’ என்றால் அரசர்களின் அரசன்.

நடுவே நிற்கும் சொல்லைக் கண்டால்

பழைய கட்டமைப்பு நெருக்கமானது. பெயரடை நுழைய இடமில்லை, இரு பக்கமும் தனித்தனியே சுட்டு பெற வழியில்லை. ஆகவே ஏறக்குறைய எல்லா மொழிகளும் இரண்டாவது வழி ஒன்றை வளர்த்துக்கொண்டன: உடைமை முழு வடிவத்தோடு நிற்க, ஒரு சிறு இணைப்புச்சொல் உடையவரைக் கொண்டுவந்து சேர்க்கும். அக்காதியத்தில் ‘ஷ’, அரமேயத்தில் ‘த’, எபிரேயத்தில் ‘ஷெல்’, எகிப்திய அரபியில் ‘பிதாஅ’, மொரோக்கோ அரபியில் ‘தியால்’, ஈராக்கிய அரபியில் ‘மால்’, மால்டாவின் மொழியில் ‘த’. இச்சொல்லைக் கண்டவுடன் அதற்கு வலப்புறமும் இடப்புறமும் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். முன்னுள்ளது உடைமை, பின்னுள்ளது உடையவர், இரண்டும் தத்தம் சுட்டோடும் பெயரடையோடும் தனித்து நிற்கலாம். எபிரேயத்தின் ‘ஹபாயித் ஷெல் ஹமோரே’, அதாவது ஆசிரியரின் வீடு, இரண்டு சுட்டுகள் பெற்றிருப்பது இங்கே பிழையன்று.

அரமேய மொழியின் சிரியாக் கிளை மூன்று வழிகளையும் அருகருகே வைத்திருக்கிறது. ‘பேத் மல்கா’ பழைய வழி. ‘பைத்தா த மல்கா’ இணைப்புச்சொல் வழி. ‘பைத்தேஹ் த மல்கா’ என்பதோ ‘அவனுடைய வீடு, அரசனுடையது’ என்று உடையவரை முதலில் ஒட்டாகச் சொல்லிப் பின்பு பெயராகவும் சொல்லும் வழி. மூன்றும் அரசனின் வீடுதான். எபிரேயத்திலும் ‘பேத்தோ ஷெல் ஹமோரே’ என்ற இந்த இரட்டைக் குறி வழி உண்டு. அது பேச்சைவிட எழுத்துக்கு உரியது. ஒட்டைக் கண்டு வேறொரு ‘அவன்’ இருக்கிறான் என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள்.

ஒரு மொழியில் இரு வழிகள் இருந்தால் எதை எப்போது பயன்படுத்துவது? இங்கே நம் இலக்கணமே விளக்கு பிடிக்கிறது. ஆறாம் வேற்றுமைப் பொருளை நன்னூல் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பிரிக்கிறது: தன்னிலிருந்து பிரிக்க முடியாத உறுப்பும் பண்பும் தற்கிழமை; பிரிந்து வேறாக இருக்கக்கூடிய பொருளும் இடமும் பிறிதின்கிழமை. மால்டாவின் மொழியில் ‘இதி’ என் கை, ‘ராஸி’ என் தலை, ‘ஒம்மி’ என் தாய் என்று உறுப்பும் உறவும் நேரடியாக ஒட்டுப் பெறுகின்றன. மகிழுந்துக்கோ ‘இல்-கரொட்ஸா த பவ்லு’ என்று இணைப்புச்சொல் வேண்டும். இன்றைய எபிரேயப் பேச்சிலும் பொருள்களுக்கு ‘ஷெலீ’ (என்னுடைய) என்ற தனிச்சொல்லே இயல்பு, ஆனால் ‘இஷ்தீ’ (என் மனைவி), ‘அஹோத்தீ’ (என் சகோதரி) போன்ற உறவுச்சொற்களில் ஒட்டு உயிரோடு இருக்கிறது. எகிப்திய மொழியின் கடைசிக் கட்டமாகிய காப்டிக் பெரும்பாலான பெயர்களுக்கு ‘பெஃப்-ஏய்’ (அவன் வீடு) என்று உடையவரைச் சுட்டோடு சேர்த்து முன்னால் வைக்கிறது; வாய், தலை போன்ற சில உறுப்புப் பெயர்களில் மட்டும் பழைய ஒட்டு வழியைக் காத்து ‘ரோஃப்’ (அவன் வாய்) என்கிறது. நன்னூல் உறவுமுறையைத் தற்கிழமையில் சேர்க்கவில்லை, இம்மொழிகள் சேர்க்கின்றன என்ற வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் போதும்.

இணைப்புச்சொல் எதனோடு ஒத்துப்போகிறது என்றும் பாருங்கள். எகிப்திய அரபியில் உடைமை ஆண்பாலானால் ‘பிதாஅ’, பெண்பாலானால் ‘பிதாஅத்’, பன்மையானால் ‘பிதூஅ’. பழைய எகிப்திய மொழியின் இணைப்புச்சொல்லும் இவ்வாறே மூன்று வடிவங்கள் கொண்டிருந்தது. இது விசித்திரமாகத் தோன்றினால், நம் பழைய வழக்கில் ஒருமைக்கு ‘எனது கை’ என்றும் பன்மைக்கு ‘என கைகள்’ என்றும் உருபு மாறியதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் உருபு உடையவரின் மேல் நின்றாலும் ஒருமை பன்மையை உடைமையிடமிருந்துதான் பெற்றது.

உறவு மொழிகளில் கவனிக்க வேண்டியவை

பழைய எகிப்தியத்தில் இரு பெயர்களை அப்படியே அடுத்தடுத்து வைப்பதும் உண்டு: ‘பெர் அன்க்’, உயிர் வீடு, கோயில்களோடு சேர்ந்து நூல்கள் எழுதிக் காக்கப்பட்ட இடம். அம்மொழியின் எழுத்தில் உயிரொலிகள் இல்லாமையால் முதற்சொல் சுருங்கியதா என்பது கண்ணுக்குத் தெரியாது; பொருளை வைத்தே பிரிக்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. தெய்வம், அரசன் ஆகியோரைக் குறிக்கும் எழுத்து, மரியாதையின் பொருட்டு முன்னால் எழுதப்படும். ‘கடவுளின் பணியாளர்’ என்று பொருள்படும் பூசகர் பட்டத்தில் கடவுளுக்குரிய குறி முதலில் நின்றாலும் படிக்கும்போது பணியாளரே முதலில் வருவார்.

ஹௌஸாவில் இணைப்பு உடைமையின் ஈற்றில் ஒட்டிவிட்டது. ‘கிதன் ஸர்கி’ என்றால் அரசரின் வீடு. ‘கிதா’ என்ற சொல்லோடு னகரம் சேர்ந்திருக்கிறது. அகர ஒலியில் முடியும் பெண்பால் ஒருமைக்கு னகரத்துக்குப் பதில் ரகரம்: ‘மோட்டர் ஸர்கி’ அரசரின் மகிழுந்து. இதைப் பார்த்து ஆங்கிலத்திலிருந்து வந்த மோட்டார் அப்படியே இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். சொல் அங்கிருந்து வந்ததுதான், ஆனால் ஹௌஸாவில் அது ‘மோட்டா’ என்று நின்றுவிட்டது. ரகரம் உடைமைக் குறி.

பெர்பர் மொழிகளில் ஒன்றான கபைலில் நிலைமை தலைகீழ், தமிழுக்கு ஒரு படி நெருக்கம். ‘அர்கஸ்’ என்றால் மனிதன். ‘அஹ்ஹாம் ன் உர்கஸ்’ என்றால் மனிதனின் வீடு. ‘ன்’ இணைப்புச்சொல், அதற்குப்பின் ‘அர்கஸ்’ என்பது ‘உர்கஸ்’ என்று திரிந்திருக்கிறது. அதாவது திரிந்தது உடையவர். இந்த வடிவத்துக்கும் இணைப்பு நிலையை ஒத்த பெயரைச் சிலர் இடுவதால் செமித்தியத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. அரபியில் எது திரிகிறது, இங்கே எது திரிகிறது என்ற இரண்டாம் கேள்வியைக் கேட்டால் குழப்பம் தீரும். உறவுமுறைச் சொற்களில் இன்னொரு புதுமை: ‘பாபா’ என்று வெறுமனே சொன்னாலே என் தந்தை; மற்றவர்களின் தந்தைக்குத்தான் ஒட்டு வேண்டும், ‘பாபாஸ்’ என்றால் அவர் தந்தை. எதுவும் இல்லாமையே குறியாக நிற்கும் இடம் இது.

ஒரோமோவில் உடைமை முன்னால் நிற்கும், உடையவரின் ஈற்றுயிர் நீளும்: ‘பரும்ஸ’ கல்வி; ‘மன பரும்ஸா’ கல்வியின் வீடு, பள்ளி. சொல்லாட்சி எபிரேயப் பள்ளியை நினைவூட்டினாலும் குறி அடுத்த சொல்லுக்கு மாறிவிட்டது. சோமாலியில் ‘நின்க குரிகீஸ’, அதாவது ‘அந்த மனிதர், அவர் வீடு’ என்று உடையவர் முன்னால் வர, உடைமையில் ஒட்டு நிற்கும். அங்கும் வீட்டுக்கு ‘குரிகய்க’ என்று சுட்டோடு முடியும் ஒட்டும், தந்தைக்கு ‘ஆப்பஹய்’ என்று சுட்டற்ற ஒட்டும் வருவதால், தற்கிழமை மீண்டும் தலைகாட்டுகிறது.

செமித்திய மொழியே ஆனாலும் அம்ஹாரியத்தில் உடையவர் முன்னால் வருவார்: ‘யெ-நிகுஸ் பேத்’, அரசனின் வீடு. அருகில் வழங்கும் குஷித்திய மொழிகளின் (ஒரோமோவும் சோமாலியும் சேர்ந்த கிளை) தாக்கத்தை இதற்குக் காரணமாகக் கூறுவது வழக்கம். தமிழருக்கு எளிது என்று தோன்றும் இம்மொழியில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முன்னால் வேறோர் இடைச்சொல் வந்தால் ‘யெ’ மறைந்துவிடும். ‘பெ-நிகுஸ் பேத்’ என்பதில் ‘பெ’ (இல்) அரசனோடு ஒட்டியிருந்தாலும் பொருள் ‘அரசனின் வீட்டில்’ என்பதே. ‘பேத்து’ என்ற வடிவத்துக்கோ ‘அந்த வீடு’, ‘அவன் வீடு’ என்ற இரண்டு பொருளும் உண்டு. உகர ஈறு சுட்டாகவும் ஒட்டாகவும் உழைக்கிறது.

ஒரு தொடரைக் கையில் எடுத்துப் பாருங்கள்

‘பாபு பைத்தி முதர்ரிசினல் கதீமு’ என்ற அரபித் தொடரை எடுத்துக்கொள்வோம். கதவு, வீடு, ஆசிரியர், நம், பழைய என்பன சொற்கள். எங்கும் இணைப்புச்சொல் இல்லை, ஆகவே இளாஃபத். சங்கிலி ‘னா’ என்ற ஒட்டில் முடிகிறது. ‘அல்’லின் முன் அது ‘ன’ என்று குறுகி ஒலிக்கிறது. ஒட்டு எப்போதும் குறித்த ஒருவரையே சுட்டுவதால் முழுத்தொடரும் குறித்ததாகிறது. அதனால்தான் பின்னால் வரும் பெயரடை ‘அல்’லோடு வருகிறது. பின்னிருந்து படித்தால் நம், ஆசிரியர், வீட்டு, கதவு. பெயரடையின் உகரம் உகரம் பெற்ற ஒரே சொல்லான ‘பாபு’வைத் தேடிச் செல்கிறது, எனவே பழையது கதவு.

உகரத்தை இகரமாக்கி ‘கதீமி’ என்று படித்தால் கதவு விலகிவிடும். ஆனால் வீடும் ஆசிரியரும் இரண்டும் இகரம் பெற்று, இரண்டும் ஆண்பாலாக இருப்பதால், பழையது வீடா, முன்னாள் ஆசிரியரா என்பதை ஈறு தீர்த்துவைக்காது. ‘பைத்தி’ இருந்த இடத்தில் அறை என்று பொருள்படும் பெண்பாற் சொல்லாகிய ‘குர்ஃபதி’யை வையுங்கள்: ‘கதீமதி’ என்று பெண்பாலில் வந்தால் பழையது அறை, ‘கதீமி’ என்று வந்தால் முன்னாள் ஆசிரியர். வீட்டையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அரபியர் செய்வதைப்போலத் தொடரை உடைத்து, ‘லி’ போட்டுப் பிரித்து எழுதிவிட வேண்டியதுதான்.